பெருவிரல் பள்ளம்

குறிஞ்சிப்பிட்டி
21.04.2024

அன்பின் மச்சான் ஃபைஸல்,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளன்று தொலைபேசியில் நாம் கதைத்தோம். உண்மையில் நீ மட்டும்தான் கதைத்தாய். மெல்பர்ன் குளிர், பேரப்பிள்ளைக்கு முளைத்த பல், இறைச்சி விலை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "சரி மச்சான், வைக்கிறேன்" என்றாய். நான் சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

என் வலது முழங்கை வலிக்கிறது. நோன்புக்கு முன்பே தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினாலும் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. புத்தளத்தில் டொக்டரிடம் போனேன். ரக்கெட்டையும் கொண்டு வரச் சொன்னார். நீ உப்பளத்தில் வேலை செய்த காலத்தில் இருவரும் சேர்ந்து வாங்கினோமே, அந்த அலுமினிய ரக்கெட். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேர், ஒண்டில் இத மாத்துங்க, இல்லாட்டி ஆட்டத்த விடுங்க" என்றார். வீட்டில் கமீலாவுக்கு இரண்டாவது வைத்தியம்தான் பிடித்திருக்கிறது. "ரிட்டயராகி நாலு வருஷம். இனியும் பந்துக்குப் பின்னால ஓடணுமா?" என்கிறாள்.

எனக்கு விட மனமில்லை. வருடம் முழுவதும் நான் ஆடுவது, டிசம்பரில் நீ வந்து இறங்கும் அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான். எத்தாளையில் ரஸாக்கின் ஹோட்டல் டென்னிஸ் கோர்ட். ஒரு பக்கம் நீயும் நானும், மறுபக்கம் ரஸாக்கும் அவன் மச்சினன் அஹமடும். போன முறை தோற்றோம். இரண்டாம் செட்டில் நீ பந்தை எடுக்க ஓடாமல் நடந்து போனாய். "ஃபைஸல் நானாவுக்கு அவுஸ்திரேலியாச் சோம்பல் ஒட்டிக்கிட்டு" என்று ரஸாக் இன்றைக்கும் சிரிக்கிறான். இந்த டிசம்பரில் அவன் வாயை அடைக்க வேண்டும். அதற்கு என் கை வேண்டும். கைக்கு ஏற்ற ரக்கெட் வேண்டும்.

வீட்டிலேயே ரக்கெட்டுக்கு நரம்பு கட்டும் இயந்திரம் வைத்திருப்பவன் நீ. உன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்? என் ஆட்டம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். நான் பின்கோட்டில் நிற்பவன். ஓங்கி அடிக்க மாட்டேன். பந்தின் அடியை வெட்டி, மெதுவாக, நீளமாகத் திருப்புவேன். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பும் மாதங்களில் பந்தை உயரத் தூக்கிவிட்டு மிச்ச வேலையைக் காற்றிடம் ஒப்படைப்பேன். எதிரே நிற்பவன் பொறுமை இழக்கும்வரை காத்திருப்பேன். வகுப்பிலும் நான் அப்படித்தான் இருந்தேன் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஆளுக்கு எது பொருந்தும்?

உன் வீட்டில் ஃபாஹிமாவுக்கு எங்கள் சலாம்.

உன்,
மர்ஸூக்


மெல்பர்ன்
12.05.2024

மாண்புமிகு மர்ஸூக் சேர் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அந்த அலுமினியத் துண்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா? அதைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கு. உன் முழங்கை இவ்வளவு காலம் பொறுத்ததே பெரிய விசயம்.

கேள். ரக்கெட் வாங்குவது சப்பாத்து வாங்குவதைப் போன்றது. எவ்வளவு விலையான சப்பாத்தாக இருந்தாலும் அடுத்தவன் கால் அளவில் வாங்கினால் கொப்புளம்தான் மிச்சம். பார்க்க வேண்டியவை: தலை பெரிதா, சிறிதா. மொத்தப் பாரம் எவ்வளவு, அந்தப் பாரம் தலையில் நிற்கிறதா, பிடியில் நிற்கிறதா. நரம்பு மெதுவானதா, கடினமானதா, எவ்வளவு இறுக்கம். பிடி உன் கைக்குத் தடிப்பா, மெல்லிசா. இவ்வளவையும் கடையில் நின்று கேட்டால் விற்பவன் உன் வெள்ளைத் தாடியைப் பார்த்து எதையாவது தலையில் கட்டிவிடுவான்.

ஆகவே நீ எங்கும் போகாதே. நானே ஒன்று அனுப்புகிறேன். ஃபாஹிமாவின் தம்பி இனாஸ் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். தலை சிறியது. பாரம் கூடியது. தலையின் இரு பக்கமும் ஈய நாடா ஒட்டியிருக்கிறது, பந்து இடிபோல் இறங்கும். நரம்பு கடினமானது, நல்ல இறுக்கம். எல்லாம் கணக்காகச் செய்தது. நீ விஞ்ஞான வாத்தியார் என்று எதையும் ஆராய்ச்சி செய்யப் போகாதே. நரம்பை வெட்டாதே, ஈயத்தை உரிக்காதே, பிடியைக் கழற்றாதே. அப்படியே ஆடு.

நான் சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கோர்ட் பக்கம் போய்க் கொஞ்ச நாளாயிற்று.

கமீலாவின் கருவாட்டுப் பொரியலை நினைத்துக்கொண்டு,
ஃபைஸல்


குறிஞ்சிப்பிட்டி
23.06.2024

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். இனாஸ் பெருநாளுக்கு மறுநாள் ரக்கெட்டைக் கொண்டுவந்து தந்தான். இவ்வளவு அழகான சாமானை நான் கையில் பிடித்ததில்லை. அன்று அஸர் தொழுதுவிட்டு நேரே எத்தாளைக்குப் போனேன்.

முதல் பந்து வேலியைத் தாண்டிக் கடற்கரையில் விழுந்தது. அங்கே பட்டம் கட்டிக் கடலில் சறுக்கப் பழகும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கை தட்டினார்கள். இரண்டாவதும் அங்கேயே போனது. ரஸாக் ரக்கெட்டை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "சேர், இது பந்தடிக்கவா, மாவிடிக்கவா?" என்றான். அவனுக்குப் பொறாமை.

புதுச் சைக்கிள் வாங்கினால் முதல் வாரம் தடுமாறத்தானே வேண்டும்? பழகினால் சரிவரும். முழங்கை பரவாயில்லை. நீ சொன்னபடி ஒன்றையும் மாற்றவில்லை.

உன் அன்புக்கு நான் என்ன சொல்ல! டிசம்பரில் இருவரும் சேர்ந்து ரஸாக்குக்குப் பாடம் நடத்துவோம்.

உன்,
மர்ஸூக்

ஃபைஸல் நானா, இது கமீலா. இவர் தபாலுக்கு ஒட்ட முந்தி வாசிச்சுப் பார்த்தன். கை பரவாயில்லயாம். பச்சப் பொய். சோறு பிசைய ஏலாம இடது கையால கரண்டி பிடிச்சுத் திங்கிறார். அந்த ரக்கெட்ட வெச்சிட்டு வேற ஒண்டப் பாருங்க எண்டா, "ஃபைஸல் ஒண்டையும் தொட வேணாம் எண்டு சொல்லித் தந்தது, அது அமானிதம்" எங்கிறார். அமானிதம் எண்டா அலுமாரிக்குள்ள பத்திரமா வைக்கிறதுதானே? அத எடுத்து அடிச்சிக் கைய உடைக்கச் சொல்லி யார் சொன்ன? நீங்க சொன்னாத்தான் கேப்பார். கோவிக்க வேணாம்.


மெல்பர்ன்
14.07.2024

மர்ஸூக்,

கமீலாவுக்கு என் நன்றியைச் சொல். அந்த வீட்டில் ஒருவராவது உண்மை எழுதுகிறாரே.

ரக்கெட்டில் ஒரு பிழையும் இல்லை. பின்கோட்டில் நின்று பந்தைத் தடவிக்கொடுப்பதற்கு அது செய்யப்படவில்லை. முன்னால் போ. வலையருகே நின்று, பந்து நிலத்தில் விழுமுன் அடி. இத்தனை வருடம் என் பக்கத்தில் நின்று பார்த்தும் உனக்கு அது வரவில்லை. ஆட்டத்தை மாற்று, வலி தானாகப் போகும்.

முடியாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடு. எனக்கு ஒன்றுமில்லை.

ஃபைஸல்


குறிஞ்சிப்பிட்டி
11.08.2024

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். போன கடிதத்தில் நீ சலாம் எழுத மறந்துவிட்டாய். உனக்கும் சேர்த்து நானே சொல்லிக்கொண்டேன்.

கை பரவாயில்லை என்று எழுதியது தவறு. உன் மனம் நோகக்கூடாது என்று எழுதினேன், அதுதான் உன்னை நோகச் செய்தது. இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பாடம் மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் ரக்கெட்டை அலுமாரியில் வைத்துவிட்டு இரண்டு கிழமை ஆடாமல் இருந்தேன். பிறகு ரஸாக்கின் களஞ்சிய அறையைத் திறக்கச் சொன்னேன். விருந்தாளிகள் விட்டுப்போன ரக்கெட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஆடிப் பார்த்தேன். ஒன்றை ஒரு நாளில் மதிப்பிட முடியாது. புது மாணவன் முதல் நாள் நல்லபிள்ளையாக இருப்பதுபோல ரக்கெட்டும் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். ஆகவே நாலைந்து பின்னேரம் ஆடிவிட்டு, மறுநாள் காலை தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிப் பார்ப்பேன். அதுதான் பரீட்சை.

கடைசியில் ஒன்று தேறியது. சாம்பல் நிறம், பெயர்கூட அழிந்துவிட்டது. தலை பெரியது, சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். "எடுங்க சேர், நாய் விரட்டத்தான் வெச்சிருந்தன்" என்றான் ரஸாக். ஆனால் பாரம் போதாது. கச்சான் காற்றில் கையில் நில்லாமல் ஆடியது. எனவே பாரம் ஏற்ற வேண்டும். மீன் வலையின் அடியில் கட்டும் ஈயக்குண்டு நாலைந்தை எத்தாளை மீன் வாடியில் வாங்கிவந்து அம்மியில் வைத்துத் தகடாகத் தட்டினேன். கமீலா பார்த்துவிட்டாள். "ஈயத்த வெச்சித் தட்டின அம்மில நாளைக்குச் சம்பல் அரைக்கிறதா?" அம்மி இப்போது முற்றத்தில் கிடக்கிறது. புது அம்மி வாங்கியாயிற்று.

தகட்டை முதலில் உன்னைப் பார்த்துத் தலையில்தான் ஒட்டினேன். மறுநாள் கோப்பை தூக்க முடியவில்லை. அப்போதுதான் மூளை வேலை செய்தது. வீடு கூட்டும் தும்புத்தடியைக் காம்பு நுனியில் பிடித்துத் தூக்கிப் பார். பிறகு தும்புப் பக்கமாகப் பிடித்துத் தூக்கிப் பார். தும்புத்தடி அதேதான், பாரமும் அதேதான், கைக்கு மட்டும் வேறு. நீ வலையருகே நின்று குறுகலாகத் தட்டுகிறாய், உனக்குப் பாரம் தலையில் நின்றால் பலம். நான் பின்னாலிருந்து நீளமாக வீசுகிறேன், எனக்கு அதே பாரம் ஒவ்வொரு வீச்சிலும் முழங்கையைப் பிடித்து இழுக்கிறது. ஈயத்தை உரித்துப் பிடியின் அடியில் சுற்றினேன். அதன்மேல் சைக்கிள் ட்யூப் ரப்பர் ஒரு சுற்று, பிடியும் கைக்கு நிறைந்தது. நீர்கொழும்புக்கு அனுப்பி மெதுவான நரம்பைத் தளர்வாகக் கட்டுவித்தேன். பலகையில் படுப்பதற்கும் கயிற்றுக் கட்டிலில் படுப்பதற்கும் உள்ள வித்தியாசம். இப்போது வலது கையால் சோறு பிசைகிறேன், அல்ஹம்துலில்லாஹ்.

இனி உன் ரக்கெட்டுக்கு வருகிறேன். அலுமாரியில் வைக்கும்போதுதான் அதன் பிடியைச் சரியாகப் பார்த்தேன். பெருவிரல் படும் இடத்தில் ஒரு பள்ளம். என் பெருவிரலை வைத்தேன், நிறையவில்லை. ஈய நாடாவின் ஓரமும் கறுத்திருக்கிறது. அது கடையில் வாங்கியதல்ல, எனக்காகச் செய்ததுமல்ல. பல வருடம் நீ ஆடிய ரக்கெட்.

ஆட்டக்காரன் கைக்குப் பழகிய ரக்கெட்டை எப்போது அடுத்தவனுக்குக் கொடுப்பான்? விடையை நான் எழுத விரும்பவில்லை. போன டிசம்பரில் நீ பந்துக்கு நடந்து போனதும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

ஒன்று மட்டும் சொல். நீ தந்தது ஹதியாவா, அமானிதமா? அன்பளிப்பாகத் தந்த ஹதியா என்றால் அது என் சொத்து, வெட்டலாம், மாற்றலாம். அமானிதம் என்றால் உரியவன் வந்து கேட்கும்வரை தொடாமல் காக்க வேண்டும்.

உன்,
மர்ஸூக்


குறிஞ்சிப்பிட்டி
22.09.2024

அன்பின் ஃபைஸல்,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் இல்லை. தொலைபேசியில் ஃபாஹிமா எடுத்து, நீ தூங்குவதாகச் சொன்னாள். மூன்று முறையும் நீ தூங்கினாய்.

நான் கேட்டது கடினமான கேள்வி என்றால் விட்டுவிடு. சுகமா என்று ஒரு வரி மட்டும் எழுது.

மர்ஸூக்


மெல்பர்ன்
06.10.2024

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். தூங்கவில்லை. பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன்.

பெப்ரவரியில் என் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். டிசம்பரில் நடந்து போனது சோம்பலால் அல்ல, ஒவ்வொரு எட்டுக்கும் உயிர் போனது. ரஸாக்கின் முன்னால் சொல்ல வெட்கம், உன்னிடம் சொல்லப் பயம். பெருநாளன்று அவ்வளவு கதைத்ததும் உன்னைக் கேட்க விடாமல் செய்யத்தான். இப்போது நடக்கிறேன், நிற்கிறேன், தொழும்போது மட்டும் கதிரை. ஓடக்கூடாது என்கிறார் டொக்டர், இனி ஒருபோதும்.

ரக்கெட் கராஜில் தொங்கியது. கார் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. முதலில் உனக்குப் பொருத்தமானதைத் தேடத்தான் நினைத்தேன், வல்லாஹி. பிறகு மனம் வேறு பக்கம் போய்விட்டது. நான் இல்லாவிட்டாலும் அது எத்தாளையில் வலைக்குப் பக்கத்தில் நின்று ஆடட்டும் என்று ஆசைப்பட்டேன். உன் கையைப் பற்றி யோசிக்கவே இல்லை. சப்பாத்துக் கதையை எழுதிய அதே கையால் என் சப்பாத்தை உனக்கு அனுப்பினேன். ஆட்டத்தை மாற்று என்று எழுதியதை மன்னித்துவிடு. மாற வேண்டியிருந்தது யாருடைய ஆட்டம் என்று எனக்குத் தெரியும்.

நீ கேட்டாய். ஹதியா. நரம்பை வெட்டு. ஈயத்தை உரித்து உன் சாம்பல் ரக்கெட்டுக்கு வை, உன் வலை ஈயத்தைவிட நல்லது.

இந்த டிசம்பரில் வரவில்லை. கதிரையில் இருந்து புள்ளி எண்ணுவதற்கு இவ்வளவு தூரம் எதற்கு? வேறு ஜோடி தேடிக்கொள். ரஸாக்கிடம் ஒன்றும் சொல்லாதே.

ஃபைஸல்


குறிஞ்சிப்பிட்டி
27.10.2024

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைக் கமீலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அதை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தாள். பிறகு அவள், "நானாவுக்கு ஏசி எழுதுங்க" என்றாள். ஏசத் தெரியாததால் கணக்கு எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஹதியா செல்லுபடியாக வேண்டும் என்றால் வாங்குபவன் ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் ஏற்கவில்லை. ஆகவே அது அமானிதம். நரம்பு, ஈயம், பிடி எல்லாம் நீ அனுப்பியபடியே இருக்கின்றன.

இனிக் கணக்கு. ஒரு கடுதாசியில் கோர்ட்டை வரைந்து, நாம் சேர்ந்து ஆடத் தொடங்கிய காலத்திலிருந்து நீ நின்ற இடங்களைக் குறித்தேன். எல்லாப் புள்ளியும் வலைக்கு முன்னால் ஒரே இடத்தில் விழுந்தது. உன்னிடம் வந்த பந்தை ஓங்கி அடித்தாய். உன் தலைக்கு மேலே போன பந்துக்கு "மர்ஸூக்!" என்று கத்தினாய், நான் ஓடினேன். பக்கத்தால் போன பந்துக்கும் "மர்ஸூக்!" தான். நன்றாக யோசித்துப் பார், நீ எப்போது ஓடியிருக்கிறாய்? முன்பு ஒன்றிரண்டு எட்டாவது வைப்பாய், அதையும் நான் எடுத்துக்கொள்கிறேன். மச்சான், நீ ஒருநாளும் செய்யாத வேலையைத்தான் உன் டொக்டர் தடுத்திருக்கிறார்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டாய் என்று செய்தும் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை நீ நிற்கும் இடத்தில் ஹோட்டல் கதிரை ஒன்றை வைத்தேன். எதிரே ரஸாக்கும் அஹமடும். இந்தப் பக்கம் நானும் கதிரையும். "என்ன சேர் விளையாட்டு இது?" என்றான் ரஸாக். "பேசாம ஆடு" என்றேன். முதல் செட் மோசமாகத் தோற்றோம். இரண்டாவதில் என் சாம்பல் ரக்கெட் கைகொடுத்தது. பந்தை உயரத் தூக்கினேன், காற்று பார்த்துக்கொண்டது. அஹமட் அடித்த ஒன்று கதிரையின் முதுகில் பட்டுத் திரும்பி வலையைத் தாண்டி விழுந்தது. அந்தப் புள்ளி எங்களுக்கா இல்லையா என்று கால் மணித்தியாலம் சண்டை. கடைசியில் தோற்றோம், ஆனால் கொஞ்சத்தில். மறுநாள் காலை கோப்பையைத் தூக்கினேன். வலி இல்லை.

கதிரையோடு ஆடியே இவ்வளவு என்றால், சேர்விஸ் போடத் தெரிந்த ஒருவன் அங்கே நின்றால் எப்படி இருக்கும்? உன் டொக்டரிடம் ஓடலாமா என்று கேட்காதே. நிற்கலாமா, கை வீசலாமா என்று கேள். அவர் வேண்டாம் என்றால் நானும் வற்புறுத்த மாட்டேன். நீ வா, கருவாடு பொரித்துத் தின்றுவிட்டுக் கடற்கரையில் இருப்போம்.

அமானிதத்தை உரியவன் கையில் கொடுக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

உன்,
மர்ஸூக்


மெல்பர்ன்
17.11.2024

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். டொக்டருக்கு உன் கடிதத்தை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். கதிரைக் கதை வந்ததும் சிரித்துவிட்டு, "இந்த நண்பர் எவ்வளவு தூரம் ஓடுவார்?" என்று கேட்டார். "கற்பிட்டிவரை ஓடுவார்" என்றேன். ஒரு செட், வலையருகே, திரும்பும்போது கவனம் என்று அனுமதி தந்திருக்கிறார். ஃபாஹிமா முறைத்துக்கொண்டே டிக்கெட் எடுத்தாள். இன்ஷா அல்லாஹ், டிசம்பர் பதினான்காம் திகதி இறங்குகிறோம்.

ரக்கெட் பிடியின் மேல்நாடா உப்புக் காற்றில் பிசுபிசுத்திருக்கும். அதை மட்டும் கழற்றிப் புதிது சுற்றி வை. உள்ளே ரப்பர் எதையும் வைத்து நிரப்பிவிடாதே. பெருவிரல் பள்ளம் அப்படியே இருக்கட்டும்.

ரஸாக்கிடம் நீயே எல்லாவற்றையும் சொல்லிவிடு. சிரித்தால் சிரிக்கட்டும். அந்தக் கதிரையை மட்டும் எடுத்துவிடச் சொல். அது நான் நிற்கும் இடம்.

உன்,
ஃபைஸல்